உயரமான பிள்ளைக்கு எடை பலமா, பாரமா?

ஓசூர் சிப்காட் பக்கத்திலிருந்து ஒரு தாய், பள்ளியில் படிக்கும் மகனைக் கூட்டி வந்தார். 6 அடி 2 அங்குலம், 102 கிலோ. கூடைப்பந்து அணியில் கூடைக்கு அடியில் நின்று ஆடுபவன். "எடை இருந்தாத்தான் இடிச்சு நிக்க முடியும்னு கோச் சொல்றார். இவங்கப்பா ராத்திரி சாப்பாட்டையே நிறுத்திட்டார். நான் யார் பேச்சைக் கேக்கறது, டாக்டர்?"

இருவர் சொன்னதிலும் பாதிதான் உண்மை.

எதிராளியை முதுகால் தாங்கிக் கூடைக்கு அருகே இடம் பிடிக்க எடை உதவும். ஆனால் ஆடுகளம் 28 மீட்டர் நீளம். பந்து கைமாறும்போதெல்லாம் மறுகோடிக்கு ஓட வேண்டும். மூச்சு வாங்கி ஓரிரு நொடி தாமதித்தால், நல்ல இடத்தை எதிராளி அடைத்துவிடுவான். தள்ளி நின்றுதான் பந்து வாங்க வேண்டிவரும். பந்தை எறியும் விசையும் கால்களிலிருந்தே கிளம்புகிறது. கால் சோர்ந்தால் பந்து வளையத்தின் முன்விளிம்பில் தட்டித் திரும்பும். கையைக் குறை சொல்லிப் பயனில்லை!

செர்பியாவின் நிகோலா யோகிச்சைப் பாருங்கள். கிட்டத்தட்ட 7 அடி உயரம். இளம் வயதில் நாளுக்கு 3 லிட்டர் கோலா குடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அமெரிக்காவுக்கு ஆடப் போனபோது அதை விட்டார். 2021, 2022, 2024 ஆண்டுகளில் என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். அவர் ஒல்லியாகிவிடவில்லை. பெரிய உடம்பைக் கடைசி நிமிடம் வரை சுமக்கும் மூச்சைச் சம்பாதித்தார்.

இத்தகைய உடல்வாகைச் சித்த மருத்துவத்தில் கப உடம்பு என்போம். உறுதி இயல்பிலேயே உண்டு. அசைவு குறைந்தால் மந்தம் சேரும். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். பட்டினி என்று சொல்லவில்லை. வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டால் கொழுப்போடு சதையும் கரையும்.

நான் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்:

* பேக்கரி பப்ஸ், பாட்டில் பானம் வேண்டாம்.

* நம் பக்கத்துக் கேழ்வரகுக் களி, கீரை, பருப்பு, முட்டை அளவோடு தரவும். வாரம் இரண்டு நாள் கொள்ளு ரசம். வயிற்றுப்புண் உள்ளவர்கள் கொள்ளைத் தவிர்க்கவும்.

* முதலில் வேக நடை, பிறகு மெல்லோட்டம், அதன்பின் குறுகிய வேக ஓட்டம். முழங்கால் வலியோ, நெஞ்சு வலியோ, மயக்கமோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

* அப்பா இரவு ஷிப்ட் முடிந்து எத்தனை மணிக்கு வந்தாலும், பிள்ளை நேரத்தோடு தூங்கட்டும்.

தராசை மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். ஆடுகளத்தில் பத்து முறை போய் வந்தபின் மூச்சு அடங்க எத்தனை நிமிடம் ஆகிறது? அதை நோட்டில் குறித்து வையுங்கள். குறைய வேண்டியது முதலில் அந்தக் கணக்கு.

அந்த அப்பாவிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: ராத்திரிச் சாப்பாட்டைத் திருப்பிக் கொடுங்கள்.