1202 என்றொரு எச்சரிக்கை

டாட் டக்ளஸ் மில்லர் இயக்கி 2019-ல் வெளிவந்த ‘அப்போலோ 11’ ஆவணப்படத்தை அண்மையில் பார்த்தேன். வர்ணனையாளர் குரலே கிடையாது. 1969-ல் எடுத்த படச்சுருள்களும் அன்றைய ஒலிப்பதிவுகளும்தான். ராக்கெட் கிளம்புமுன், கசியும் வால்வு ஒன்றைச் சுற்றிலும் போல்ட்டுகளை முடுக்குகிறார்கள் என்று அறிவிப்பு வருகிறது. ரயில்வேயில் காலம் தள்ளிய எனக்கு அதுவே பெரிய விருந்து! ஆனால் நான் இங்கே விளக்க விரும்புவது வேறோர் இடம்.

ஜூலை 20. ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவுக்கு மேலே சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் 1202 என்ற எச்சரிக்கை எண் வருகிறது. அதற்கு என்ன பொருள் என்று ஆர்ம்ஸ்ட்ராங் அவசரமாகக் கேட்கிறார். இறங்குவதா, திரும்புவதா?

நடந்தது இதுதான். திரும்பி வந்து தாய்க்கலத்தோடு சேர்வதற்கான ரேடாரிலிருந்து, அப்போது வேண்டாத சமிக்ஞைகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. அந்தக் கம்ப்யூட்டரில் மாற்றி எழுதக்கூடிய நினைவகம் மொத்தமே 2,048 சொற்கள். வேலைகள் குவிந்து இடம் போதவில்லை.

செக்‌ஷனில் நெரிசல் என்றால் நம் கன்ட்ரோலர் என்ன செய்வார்? கூட்ஸை லூப் லைனில் நிறுத்திவிட்டு மெயிலுக்கு வழி விடுவார். அந்தக் கம்ப்யூட்டரும் அதையேதான் செய்தது. எல்லா வேலையையும் ஒரு கணம் உதறிவிட்டு, எஞ்சினை இயக்குவது, கலத்தைத் திசையில் நிறுத்துவது போன்ற முக்கிய வேலைகளை மட்டும் மறுபடி எடுத்துக்கொண்டது. இந்த முன்னுரிமை முறையை வகுத்தவர் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஹால் லானிங். ஆகவே 1202 வந்தாலும் ‘மெயில்’ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இதை ஹூஸ்டனில் இருந்தவர்கள் உடனே எப்படிப் புரிந்துகொண்டார்கள்? அதற்கு ஒரு முன்கதை உண்டு. பயணத்துக்குச் சில நாட்கள் முன்பு நடந்த ஒத்திகையில் இதே வகை எச்சரிக்கை வந்தது. வழிநடத்தல் அதிகாரி ஸ்டீவ் பேல்ஸ், இறங்குவதைக் கைவிடச் சொன்னார். அது தேவையற்ற முடிவு என்று பிறகு தெரிந்தது. உடனே ஜீன் கிரான்ஸ், எல்லா எச்சரிக்கை எண்களுக்கும் பதில் எழுதி வைக்கும்படி உத்தரவிட்டார். ஜாக் கார்மன் என்ற 24 வயது இளைஞர் அவற்றைக் கையாலேயே ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 20 அன்று கார்மன் சொல்ல, 26 வயது பேல்ஸ் ‘தொடரலாம்’ என்றார். எச்சரிக்கை வந்து அரை நிமிடத்திற்குள் அந்தப் பதில் நிலவருகே போய்ச் சேர்ந்தது. சற்று நேரத்தில் 1201-ம் வந்தது. அதற்கும் அந்தத் தாளில் பதில் இருந்தது.