எண்ணி விடும் மீன்கள்

அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவிலிருந்து, ஆண்டுதோறும் ஜூன் இறுதியிலும் ஜூலையிலும் சாக்கை சால்மன் என்னும் மீன்கள் ஆறுகளில் ஏறும். தாம் பிறந்த நீரின் மணத்தை மறவாது, எதிர்நீச்சலிட்டுச் சென்று, முட்டையிட்டு மடிதல் அவற்றின் இயல்பு. வெள்ளியொத்த மேனி அப்போது செக்கச் சிவந்துவிடும்.

மாணவர்களே, புனங்காக்கும் பரணை அறிவீர். குவீஜாக் ஆற்றின் இருகரையிலும் உள்ளவை மீனெண்ணும் பரண்கள்! அவற்றின்மேல் நிற்போர் மணிக்குப் 10 நிமிடம் எண்ணி, அத்தொகையை 6ஆல் பெருக்குவர். இரவிலும் இப்பணி ஓயாது. முட்டையிடப் போதிய மீன்கள் கடந்தன எனக் கண்டால் வலைவீச ஆணை பிறக்கும். குறைந்தாலோ வலைஞர் காத்திருத்தல் வேண்டும். சில வாரங்களிலேயே ஆண்டு வருவாயை ஈட்டுவோர்க்கு அஃது எளிதோ? ஆயினும் காத்திருக்கின்றனர். 2022இல் அவ்விரிகுடாவிற்கு ஏறத்தாழ 7 கோடியே 90 லட்சம் மீன்கள் வந்தன.