மடை திறக்கும் மின்சாரம்

ஏரி நிரம்பி வழிந்தாலும் மடை திறக்காவிட்டால் வயல் காயும். தோல் புற்றுநோய்க்குத் தரப்படும் பிளியோமைசின் என்னும் மருந்தின் நிலையும் இதுவே. 1960-களில் ஜப்பானிய அறிஞர் உமேசாவா கண்டறிந்த இம்மருந்து, உயிரணுவுக்குள் புகுந்தால் டி.என்.ஏ. இழைகளைத் துண்டித்துவிடும். ஆனால் அது நீரில் கரையும் பொருள். உயிரணுவின் சவ்வோ கொழுப்பாலானது. எனவே மிகச் சிறு அளவே உள்ளே செல்கிறது.

மடையைத் திறப்பது மின்புலம். எப்படி என்று பார்ப்போம். கட்டியின் இரு பக்கமும் மின்வாய்களை வைத்துச் சென்டிமீட்டருக்குச் சுமார் 1000 வோல்ட் மின்புலம் தருகிறார்கள். கோள வடிவ உயிரணுவின் சவ்வில் தோன்றும் உச்ச மின்னழுத்தம் = 1.5 × மின்புலம் × ஆரம். ஆரம் 0.001 செ.மீ. எனக் கொண்டால், 1.5 × 1000 × 0.001 = 1.5 வோல்ட். டார்ச் விளக்கின் ஒரு பாட்டரி தரும் அளவுதான்!

இது அற்பமென எண்ண வேண்டாம். சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். அதன் குறுக்கே 1.5 வோல்ட் என்றால், சென்டிமீட்டருக்கு 30 லட்சம் வோல்ட்! காற்றே 30,000 வோல்ட்டில் பொறி விட்டுவிடும் அன்றோ? இந்த உச்சத்தை எட்டுமுன்பே சவ்வில் நுண்துளைகள் தோன்றுகின்றன. மருந்து உள்ளே பாய்கிறது. சில நிமிடங்களில் துளைகள் மூடிக்கொள்கின்றன. வழக்கமாகத் தரப்படுபவை 8 துடிப்புகள். ஒவ்வொன்றும் 100 மைக்ரோ செகண்டு மட்டுமே. மருத்துவமனையில், வலியுணர்வை மரக்கச் செய்தபின் தரப்படும் துடிப்புகள் இவை. வீட்டு மின்சாரத்தோடு இதனை ஒப்பிடவே கூடாது.

பிரான்சில் லூயி மிர் குழுவினர், துடிப்பு பெற்ற உயிரணுக்களில் இம்மருந்தின் வீரியம் பலநூறு மடங்கு உயர்வதை 1988-இல் காட்டினர். 2006-இல் ஐரோப்பிய மருத்துவர்கள் சிகிச்சை முறையை வரையறுத்தனர். இரத்த நாளத்தின் வழியே தரும் அளவு, உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 15,000 யூனிட்.

மடை திறந்தபின் இத்தனை நீர் வேண்டுமா? இக்கேள்வி முதியோருக்கு முக்கியமானது. பிளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கக்கூடியது. அதைப் பெரும்பாலும் வெளியேற்றுபவை சிறுநீரகங்கள். முதுமையில் அவை தளர்வதால் மருந்து உடலில் நெடுநேரம் தங்குகிறது. ஸ்லோவேனியாவின் லூப்லியானா நகர மருத்துவர்கள் அளவை 10,000 யூனிட்டாகக் குறைத்துத் தலை, கழுத்துப் பகுதித் தோல் புற்றுக்குச் சோதித்தனர். 2018-இல் வெளியான முதற்கட்ட முடிவுகளில், கட்டிகள் மறைவது முழு அளவில் கிடைத்த பயனுக்கு ஒப்பாகவே இருந்தது. நோயாளிகள் சிலரே என்பதால், இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். மருந்தைக் குறைக்கலாம், மின்புலத்தைக் குறைக்க முடியாது. கட்டியின் எந்த மூலைக்குப் புலம் எட்டவில்லையோ, அங்கே மடை திறப்பதில்லை.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு கணக்கு: உயிரணுவின் ஆரம் 0.0005 செ.மீ. ஆனால், அதே 1.5 வோல்ட் கிடைக்க எவ்வளவு மின்புலம் தேவை?