இக்ஸி: வடிகட்டியைத் தாண்டிப் போகும் ஊசி

முதல் வருஷம் பிசிக்ஸ் லேபில் எல்லாரும் ஸ்க்ரூ கேஜ் பிடிச்சிருப்பீங்க. லீஸ்ட் கவுன்ட் 0.01 மில்லிமீட்டர். அதில் பத்து கோடு நகர்த்தினா வர்ற இடைவெளி இருக்கே, மனிதக் கருமுட்டையின் அகலம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த முட்டைக்குள், ஒரு கோட்டை விடவும் மெல்லிய கண்ணாடி ஊசியைச் செலுத்தி, ஒரே ஒரு விந்தணுவை உள்ளே விட்டுட்டு, முட்டை சிதையாம ஊசியை வெளியே எடுக்கணும். இதுதான் இக்ஸி.

சாதாரண ஐவிஎஃப்பில் முட்டைகளையும் ஆயிரக்கணக்கான விந்தணுக்களையும் ஒரே டிஷ்ஷில் வைத்துவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். உள்ளே நுழைவது விந்தணுவோட பாடு. 1978-ல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தது இந்த வழியில்தான். ஆனா விந்தணு எண்ணிக்கை ரொம்பக் குறைவா இருந்தாலோ, நீந்தவே தெம்பில்லாம இருந்தாலோ இது வேலைக்கு ஆகாது. அப்படிப்பட்ட தம்பதிக்கு அன்றைக்கு இருந்தது வேறொருவரின் விந்தணு, இல்லைன்னா தத்து.

பிரஸ்ஸல்ஸில் வேலை பார்த்த ஜான்பியரோ பாலெர்மோ என்ற இத்தாலிய டாக்டர், முட்டையின் வெளி உறைக்கும் உள் சவ்வுக்கும் நடுவில் விந்தணுக்களை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை கை தவறி, ஒரு விந்தணு சவ்வையும் தாண்டி உள்ளே போயிடுச்சு. அந்த முட்டை கருவுற்றது! 1992-ல் அவருடைய குழு முதல் கர்ப்பங்களைப் பற்றி லான்செட் இதழில் எழுதியது.

நம்ம மாதிரி ஆட்களுக்குப் பிடிச்ச பகுதி, அந்த மெஷின். மைக்ரோமேனிபுலேட்டர் என்று பெயர். ஜாய்ஸ்டிக்கை நாம் எவ்வளவு நகர்த்தினாலும் அதைப் பல மடங்கு சுருக்கித்தான் ஊசிக்கு அனுப்பும். ஒரு பக்கம் இன்னொரு கண்ணாடிக் குழாய், லேசா உறிஞ்சி முட்டையை அசையாமல் பிடித்திருக்கும். முட்டையின் ஓரத்தில் துருவ உடல் என்று ஒரு சின்ன உருண்டை தெரியும். குரோமோசோம்கள் பெரும்பாலும் அதன் அருகில்தான் இருக்கும். அதனால் அது 12 மணி அல்லது 6 மணி திசையில் வரும்படி முட்டையைத் திருப்பிவிட்டு, ஊசியை 3 மணி திசையில் செலுத்துவார்கள். விந்தணுவோட வாலை முதலில் ஊசியால் அழுத்தி, அது அசையாமல் செய்துவிடுவார்கள். 16 முதல் 18 மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது உள்ளே இரண்டு உட்கருக்கள் தெரிந்தால் கருவுற்றாச்சு. சில முட்டைகள் ஊசியைத் தாங்காமல் சிதைந்தும் போகும்.

விந்தில் விந்தணுவே இல்லாத ஆண்களில் சிலருக்கு, விரையிலிருந்தே நேரடியாக எடுத்துச் செலுத்தலாம். இது சின்ன விஷயம் இல்லை. நம்ம ஊரில் குழந்தை இல்லைன்னா முதலில் கோயில், பரிகாரம், ஸ்கேன் எல்லாமே பெண்ணுக்குத்தான். ஆனா குழந்தையில்லாத தம்பதிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கு. விந்துப் பரிசோதனைக்கு ஊசி கூட வேண்டாம். அதையே கடைசி வரைக்கும் தள்ளிப்போடும் வீடுகள் நிறைய.

இப்போ ரிஸ்க். இயற்கையில் விந்தணு நீந்தணும், முட்டையின் உறையில் ஒட்டணும், துளைக்கணும். அது ஒரு ஃபில்டர். இக்ஸியில் அந்த ஃபில்டரை பைபாஸ் பண்றோம். லேபில் இருப்பவர் வடிவத்தையும் அசைவையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார். உள்ளே டிஎன்ஏ எப்படி இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது.

உதாரணத்துக்கு, சில ஆண்களுக்கு எண்ணிக்கை குறையக் காரணமே ஒய் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமல் இருப்பதுதான். மகனுக்கு ஒய் வருவது அப்பாவிடமிருந்து மட்டுமே. அதனால் இக்ஸி வழியாகப் பிறக்கும் மகனுக்கும் அந்தக் குறை அப்படியே போகும். 2016-ல் பிரஸ்ஸல்ஸ் குழுவினர், இக்ஸியில் பிறந்து 18 முதல் 22 வயது ஆகியிருந்த 54 இளைஞர்களைப் பரிசோதித்தார்கள். கிட்டத்தட்ட நம்ம வயசு! விந்தணு அடர்த்தியின் மீடியன் மில்லிலிட்டருக்கு 1.77 கோடி. இயல்பாகக் கருத்தரித்துப் பிறந்தவர்களுக்கு 3.7 கோடி. இதை ஊசியின் தப்பு என்று சொல்ல முடியாது, அப்பாக்களிடம் இருந்தது மகன்களுக்கு வந்திருக்கலாம். 54 பேர் சின்ன சாம்பிளும் கூட.

ஆஸ்திரேலியாவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை வைத்து 2012-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. பிறவிக் குறைபாடு, சிகிச்சை இல்லாமல் பிறந்தவர்களில் 5.8 சதவீதம், இக்ஸியில் 9.9 சதவீதம். தாயின் வயது, புகைப்பழக்கம் போன்றவற்றைக் கழித்த பிறகும் இக்ஸிக்கு வித்தியாசம் மிஞ்சியது, சாதாரண ஐவிஎஃப்புக்கு மிஞ்சவில்லை. இங்கேயும் காரணம் ஊசியா, பெற்றோரின் உடல்நிலையா என்று பிரிக்க முடியவில்லை. பத்தில் ஒன்பது குழந்தைகள் நல்லாத்தான் பிறந்தாங்க என்பதையும் சேர்த்தே படிக்கணும்.

அப்போ வேற வழியே இல்லாதவர் இந்த ரிஸ்க்கை ஏத்துக்கிறதில் நியாயம் இருக்கு. எனக்கு உறுத்துவது வேற. அமெரிக்காவில் 1996-ல் புது முட்டைகளோடு செய்த ஐவிஎஃப் சுழற்சிகளில் சுமார் 36 சதவீதத்தில்தான் இக்ஸி இருந்தது. 2012-ல் 76 சதவீதம். அதிகம் கூடியது ஆணிடம் பிரச்சினையே இல்லாத தம்பதிகளிடம்! அவங்களுக்கு இதனால் லாபம் இருக்கா? வியட்நாமின் ஹோ சி மின் நகரில், விந்தணு எண்ணிக்கையும் அசைவும் நார்மலாக இருந்த 1064 தம்பதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. குழந்தை பிறந்தது இக்ஸியில் 34.6 சதவீதம், சாதாரண ஐவிஎஃப்பில் 31.2. புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை.

அண்ணன், அண்ணி யாராவது சிகிச்சைக்குப் போனால், நீங்க கூட உட்கார்ந்து ரெண்டு கேள்வி கேட்கச் சொல்லலாம். விந்து ரிப்போர்ட் நார்மல்னா, முன்னாடி ஐவிஎஃப்பில் முட்டை கருவுறாமல் போனதும் இல்லைன்னா, எதுக்கு இக்ஸி? எண்ணிக்கை ரொம்பக் குறைவுன்னா, ஊசிக்கு முன்னாடி ஒய் குரோமோசோம் டெஸ்ட் எடுத்தாச்சா? அதுக்கு அண்ணனோட கொஞ்சம் ரத்தம் போதும்.