நாற்காலியும் நாமும்: சிலராட்சி பற்றி ஒரு பாடம்



போன மாதம் எங்கள் கிளையின் செயலவைக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, அடுத்த வருஷமும் நீங்கதானே செயலாளர்?" நான் சிரித்துக்கொண்டே, "வேற யாருடா இருக்கா?" என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பதில் உறுத்தியது. நான்கு வருடமாக நான்தான் செயலாளர். என்னை எதிர்த்து ஒருவரும் நின்றதில்லை. உண்மையிலேயே வேறு யாரும் இல்லையா? இல்லை, வேறு யாரும் வர முடியாதபடி நானே ஆக்கிவிட்டேனா? இன்றைய பாடம் இதுதான்.

சிலராட்சி என்றால் என்ன?

ஒரு நாட்டையோ சங்கத்தையோ ஒரு சிலர் மட்டும் பிடியில் வைத்திருப்பது சிலராட்சி. ஒலிகார்க்கி என்ற கிரேக்கச் சொல்லுக்கும் அதே பொருள்தான். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இதில் ஒரு நுட்பம் சொன்னார். எத்தனை பேர் ஆள்கிறார்கள் என்பதைவிட, எப்படிப்பட்டவர்கள் ஆள்கிறார்கள் என்பதே முக்கியம். சொத்துள்ளவர்கள் தங்கள் நலனுக்காக ஆண்டால் அதுதான் சிலராட்சி.

இதைக் கேட்டதும் நமக்குக் கோடீஸ்வரர்களும் அரசியல் குடும்பங்களும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஆனால் நல்ல நோக்கத்தோடு தொடங்கிய இடத்திலும் இது முளைக்கும் என்று காட்டியவர் ராபர்ட் மிஷெல்ஸ்.

இரும்பு விதி

மிஷெல்ஸ் ஜெர்மனியில் பிறந்த சமூகவியலாளர். அங்கிருந்த சமூக ஜனநாயகக் கட்சியில் உறுப்பினராக இருந்தவர். தொழிலாளர்களின் சமத்துவத்துக்காகப் போராடிய கட்சி அது. 1912 தேர்தலில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான வாக்குகளை வாங்கியது. அந்தக் கட்சிக்குள்ளேயே அதிகாரம் ஒரு சில தலைவர்களிடம் தேங்கிப்போனதை அவர் கவனித்தார். 1911-இல் வெளியான தன் நூலில் இதற்கு "சிலராட்சியின் இரும்பு விதி" என்று பெயர் வைத்தார். அவர் சொன்ன காரணங்களைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1. கூட்டம் பெரிதானால் எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்க முடியாது. வேலையைச் சிலரிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது.

2. அந்தச் சிலருக்கு அனுபவமும் தகவலும் தொடர்பும் சேர்ந்துகொண்டே போகும். அவர்கள் இல்லாமல் எதுவும் நடக்காது என்ற நிலை வரும்.

3. மற்றவர்கள் "அவங்க பாத்துப்பாங்க" என்று ஒதுங்கிவிடுவார்கள். தலைவருக்கு நன்றியும் சொல்வார்கள்.

மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் 'கீ' என்று அலறும், கேட்டிருப்பீர்கள். ஸ்பீக்கரில் வரும் சத்தத்தை மைக் மறுபடி வாங்கி, இன்னும் பெரிதாக்கி அனுப்புகிறது. பொறியியலில் இதைப் பின்னூட்டம் என்போம். அதிகாரமும் அப்படித்தான். பதவி தொடர்பைத் தரும், தொடர்பு மறுபடியும் பதவியைத் தரும். இதற்குக் கெட்டவர் யாரும் தேவையில்லை. யாராவது இடையில் புகுந்து குறைத்தால்தான் அலறல் நிற்கும்.

மிஷெல்ஸின் பிற்காலத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் இத்தாலிக்குப் போய், கடைசியில் முசோலினியின் பாசிசத்தை ஆதரித்தார். சிலராட்சியைத் தவிர்க்கவே முடியாது என்று நினைத்தவர், பலசாலி ஒருவரிடம் சரணடைந்துவிட்டார். நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார், மருந்தைத்தான் தேடவில்லை.

உத்திரமேரூர் சொல்லும் மருந்து

காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அவை விவரிக்கின்றன. ஊரில் 30 குடும்புகள், அதாவது 30 பிரிவுகள். தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, எல்லார் முன்னிலையிலும் ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். இதுதான் குடவோலை முறை.

இதில் இரண்டு விதிகள் மிக முக்கியம். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. ஆயிரம் வருடத்துக்கு முன்பே பின்னூட்டத்தை வெட்டிவிட்டார்கள்!

ஆனால் பெருமைப்படுவதோடு நிறுத்திவிடக் கூடாது. யார் தகுதியானவர் என்றும் அதே கல்வெட்டு சொல்கிறது. வரி கட்டும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி எல்லாம் வேண்டும். அது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். வயலில் உழைத்த நிலமில்லாதவரின் பெயர் குடத்துக்குள் போகவே போகாது. வெளியேறும் கதவைச் சரியாக வைத்தார்கள், நுழையும் கதவைச் சிலருக்கு மட்டுமே திறந்தார்கள்.

நம்முடைய கால் வேலி எது?

நம் கிளையில் யார் வேண்டுமானாலும் பதவிக்கு நிற்கலாம். சட்டவிதி அப்படித்தான் சொல்கிறது. நடப்பில்? எங்கள் கூட்டம் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும். சுறுசுறுப்பான ஒரு பையன் இரண்டு கூட்டத்துக்கு வந்தான், அப்புறம் காணோம். ஆர்வம் போய்விட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். பல மாதம் கழித்துக் கேட்டபோதுதான் சொன்னான்: "கூட்டம் முடியறப்ப பஸ் இல்லண்ணா. வார இறுதியில கடையில வேலை."

எங்கள் செயலவையில் எல்லாரிடமும் கார் இருக்கிறது. அதுதான் எங்கள் கால் வேலி நிலம். கல்லில் வெட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வங்கிக் கணக்கு விவரம், மண்டபக்காரர் நம்பர், நன்கொடையாளர் பட்டியல் எல்லாம் என் கைப்பேசியில். இரும்பு விதியின் இரண்டாவது காரணம் நானேதான்.

விதியை வளைக்க முடியுமா?

முடியும். 1956-இல் லிப்செட்டும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் அச்சுத் தொழிலாளர் சங்கம் ஒன்றைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். அந்தச் சங்கத்துக்குள் இரண்டு அணிகள் மாறி மாறிப் பதவிக்கு வந்தன. பதவி போனால் பழையபடி அச்சுக்கூட வேலைக்குத் திரும்பலாம், வாழ்க்கை பெரிதாக மாறாது. அதனால் நாற்காலியை இறுகப் பிடிக்க வேண்டிய அவசியமும் குறைவாக இருந்தது.

வருகிற ஆண்டுக் கூட்டத்தில் நான் செயலாளர் பதவிக்கு நிற்கப் போவதில்லை. கணக்கும் தொடர்புகளும் இப்போதே ஒரு பொதுக் கோப்புக்கு மாறிவிட்டன. கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்ற முன்மொழிந்திருக்கிறேன், அந்தப் பையன் கடையில் நேரம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். புதியவர் தடுமாறுவார், நிகழ்ச்சி ஒன்றிரண்டு சொதப்பலாம். நானும் முதல் வருடம் சொதப்பியவன்தான்.

உங்கள் கிளையில் பேசிப் பாருங்கள்:

1. உங்கள் செயலவையில் ஒரே பதவியில் மூன்று வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் யார்? ஏன்?

2. கடந்த ஆண்டுக் கணக்கைச் சாதாரண உறுப்பினர் ஒருவர் கேட்டால் உடனே காட்ட முடியுமா?

3. வராமல் நின்றுபோன ஒருவரிடம் காரணம் கேட்டிருக்கிறீர்களா? உங்கள் கிளையின் கால் வேலி எது?