அந்தி வானத்துக்கு எத்தனை படி வேண்டும்?

அன்புள்ள மக்ளே,

நீ அனுப்பிய முட்டம் கடற்கரை வீடியோவைப் பார்த்தேன். அலை பாறையில் மோதிச் சிதறும் இடங்களை அழகாக எடுத்திருக்கிறாய். வானம்தான் பட்டை பட்டையாக உடைந்திருக்கிறது. தலைப்பு எழுத்தைச் சுற்றி மெல்லிய கறுப்பு விளிம்பும் தெரிகிறது. புதுக் கேமரா வாங்க அவசரப்படாதே. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் இரண்டு செட்டிங்கை முதலில் கவனி.

முதலில் வானத்தின் பட்டை. உன் கேமரா 8 பிட்டில் பதிகிறது. 8 பிட் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனலில் ஒவ்வொன்றுக்கும் 256 படி. மூன்றும் கலந்தால் 1 கோடியே 67 லட்சம் நிறத்துக்கு மேல் வரும். அதுவே வானத்துக்குப் போதாமல் போவது எப்படி? கணக்குப் போட்டுப் பார். படத்தின் உயரம் 1080 வரி. வானமே படம் முழுக்க நிறைந்து, மேலிருந்து கீழ்வரை நீலம் 150இலிருந்து 120க்குத்தான் இறங்குகிறது என்று வைத்துக்கொள். மொத்தமே 30 படி. ஒவ்வொன்றும் 36 வரிக்கு ஒரே நிறமாகப் படுத்துக் கிடக்கும். கான்ட்ராஸ்டைக் கூட்டினால் பட்டைகளுக்கு நடுவே வித்தியாசம் இன்னும் துருத்தும். 10 பிட்டில் படம் பிடித்திருந்தால் அதே வானத்துக்கு 120 படி கிடைத்திருக்கும். பட்டையும் 9 வரியாகச் சுருங்கியிருக்கும். பாறையிலும் நுரையிலும் இந்தத் தொல்லை இல்லை, அங்கே நிறம் புள்ளிக்குப் புள்ளி மாறுகிறது. மெதுவாக மாறும் இடம்தான் படி கேட்கும். உதயமும் அஸ்தமனமும் கடலிலேயே கிடைக்கிற நம் மாவட்டத்தில் படம் பிடிப்பவர்கள் மற்றவர்களைவிட இதில் கருத்தாக இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

இதே முட்டத்தில் பாரதிராஜா ‘கடலோரக் கவிதைகள்’ எடுத்தபோது (1986) ஃபிலிமில் இந்தப் படிக்கணக்கே கிடையாது. நிறம் குருணை குருணையாகப் பதிந்தது. அந்தக் குருணையே மாற்றத்தை மென்மையாக்கியது.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் ப்ராஜெக்ட் பேனலின் அடியில் ‘8 பிபிசி’ (ஒரு சேனலுக்கு 8 பிட்) என்று இருக்கும். ஆல்ட் விசையோடு அதைத் தட்டினால் 16, 32 என்று மாறும். 16இல் 32,768 படி. கேமரா 8 பிட்டில் பதிந்ததை அது மீட்டுத் தராது. ஆனால் நீ அடுக்கடுக்காகப் போடும் எஃபெக்ட்களில் புதிதாக எதுவும் இழக்காமல் காக்கும். 32இல் வெள்ளையைத் தாண்டிய வெளிச்சமும் கணக்கில் நிற்கும். சூரியனைச் சுற்றி ஒளி பரப்ப அது வேண்டும். மெமரி 8 பிட்டைப்போல் நான்கு மடங்கு தின்னும். உன் வேலைக்கு 16 தாராளம்.

இனி கறுப்பு விளிம்பு. ஃபிலிம் காலத்தில் ஒரு காட்சிமேல் இன்னொன்றை ஒட்ட, எது தெரியவேண்டும் எது மறையவேண்டும் என்று காட்டும் மேட் என்ற தனிச்சுருள் வைத்தார்கள். எழுபதுகளின் இறுதியில் நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் எட் கேட்மலும் ஆல்வி ரே ஸ்மித்தும் அந்த வேலையைப் படத்துக்குள்ளேயே நான்காவது சேனலாகச் சேர்த்து, ஆல்ஃபா என்று பெயரிட்டார்கள். அதில் 0 என்றால் பின்னால் இருப்பது முழுக்கத் தெரியும், 255 என்றால் முழு மறைப்பு.

உன் வெள்ளை எழுத்தின் ஓரப் புள்ளி பாதி மறைப்பது. அதை ஃபைலில் எழுத இரண்டு முறை உண்டு. ஸ்ட்ரெய்ட் முறையில் அதன் நிறம் 255 என்றே இருக்கும், ஆல்ஃபா 128. ப்ரீமல்டிப்ளைட் முறையில் நிறத்தையும் முன்கூட்டியே பாதியாக்கி 128 என்று எழுதியிருக்கும். இந்த இரண்டாம் வகையை ஸ்ட்ரெய்ட் என்று நினைத்துத் திறந்தால் மென்பொருள் மறுபடியும் பாதியாக்கி 64 ஆக்கிவிடும். அந்த இருட்டுதான் நீ காணும் விளிம்பு. தலைப்பு ஃபைலுக்கு இன்டர்ப்ரெட் ஃபூட்டேஜ் திறந்து, கறுப்போடு கலந்த ப்ரீமல்டிப்ளைட் என்று மாற்று. அங்குள்ள ‘கெஸ்’ பொத்தான் சிலநேரம் தப்பாகச் சொல்லும். கண்ணால் பார்த்து முடிவு செய்.

தலைப்பைத் தனியாக ஏற்றுமதி செய்யும்போது சேனல் ஆர்ஜிபி பிளஸ் ஆல்ஃபாவாகவும், டெப்த் பிளஸ் குறி போட்டதாகவும் இருக்கட்டும். ப்ரோரெஸ் 4444 அல்லது பிஎன்ஜி வரிசை நல்லது, வழக்கமான எச்.264 எம்பி4இல் ஆல்ஃபாவுக்கு இடமே இல்லை.

போனில் பார்க்க அனுப்பும் கடைசி ஃபைல் பெரும்பாலும் 8 பிட்தான். அதனால் ஏற்றுமதிக்கு முன்பு, ஃபிலிம் குருணைபோல் மாற்றத்தை மென்மையாக்க, வானத்தின்மேல் மட்டும் நாய்ஸ் எஃபெக்டை ஒரு சதவீதம் போட்டுப் பார். பட்டை கரையவில்லை என்றால் இரண்டாக்கு.

அன்புடன்,
மாமா