தண்டும் இலையும்: எண்களைப் படிக்க ஓர் எளிய வழி



சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ கணக்குப் படிக்கிறார்கள். வீட்டில் அதையே தமிழில் ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் பாடமும் பதியும், தமிழும் தங்கும். அந்த எண்ணத்தில் இம்முறை தண்டு-இலை வரைபடத்தை எடுத்துக்கொள்கிறேன். அளவுகோலோ வரைபடத் தாளோ வேண்டாம். ஒரு பென்சிலும் பழைய நோட்டும் போதும்.

நமது குடியரசுத் தலைவர்கள் 15 பேர் முதன்முறை பதவியேற்றபோது அவர்களுக்கு இருந்த வயதை, 1950 முதல் 2022 வரை வரிசையாகத் தருகிறேன். தற்காலிகமாகப் பொறுப்பு வகித்த காலங்களைச் சேர்க்கவில்லை.

65, 73, 70, 75, 69, 64, 66, 76, 73, 76, 70, 72, 76, 71, 64

இப்படிப் பார்த்தால் ஒன்றும் புரியாது. இனி இவ்வாறு செய்யுங்கள்.

முதலாவதாக, ஒவ்வோர் எண்ணிலும் பத்தாமிட இலக்கத்தைத் தண்டு என்றும், ஒன்றாமிட இலக்கத்தை இலை என்றும் கொள்ளுங்கள். 65-ல் 6 தண்டு, 5 இலை.

இரண்டாவதாக, தண்டுகளை மேலிருந்து கீழாக எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள்.

மூன்றாவதாக, இலைகளை அந்தந்தத் தண்டுக்கு எதிரே சம இடைவெளியில், சிறியதிலிருந்து பெரியதாக எழுதுங்கள். ஒரே எண் இரண்டு முறை வந்தால் இலையும் இரண்டு முறை வரவேண்டும்.

6 | 4 4 5 6 9
7 | 0 0 1 2 3 3 5 6 6 6
குறிப்பு: 6 | 4 என்றால் 64 வயது.

கடைசியில் உள்ள குறிப்பை மறக்கக்கூடாது. அது இல்லாவிட்டால் 6 | 4 என்பது 64-ஆ, 6.4-ஆ, 640-ஆ என்று படிப்பவருக்குத் தெரியாது.

இப்போது படித்துப் பாருங்கள். அறுபதுகளில் 5 பேர், எழுபதுகளில் 10 பேர். குறைந்தது 64: சஞ்சீவ ரெட்டி, திரௌபதி முர்மு. அதிகம் 76, அதுவே அதிக முறை வந்த எண்ணும் ஆகும், அதாவது முகடு: ஆர்.வெங்கட்ராமன், கே.ஆர்.நாராயணன், பிரணாப் முகர்ஜி. வீச்சு 76 - 64 = 12. இலைகளை எண்ணிக்கொண்டே வந்தால் எட்டாவதாக வருவது 71. இருபுறமும் ஏழேழு பேர் இருப்பதால் அதுவே இடைநிலை அளவு. திருத்தணியில் பிறந்து திருப்பதியில் பள்ளிப் பாடம் படித்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் 73-ம் இதில் இருக்கிறது. பட்டை வரைபடமாக்கினால் தனித்தனி எண்கள் மறைந்துவிடும். இங்கே ஓர் எண்ணும் தொலைவதில்லை.

இம்முறையைப் பரவச் செய்தவர் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் ஜான் டூக்கி. 1977-ல் வெளிவந்த அவருடைய நூலுக்குப் பிறகு இது பள்ளிப் பாடங்களிலும் இடம்பெற்றது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பத்துப் பிள்ளைகளுக்கு 50 மதிப்பெண்ணுக்குத் தேர்வு வைத்ததாகக் கொள்வோம். மொத்தம் 300, சராசரி 30. "பரவாயில்லை, வகுப்பு நன்றாகத்தான் போகிறது" என்று நாம் திருப்தி அடைவோம். ஆனால் வரைபடம் இப்படி இருந்தால்?

1 | 2 4 5 8 9
2 |
3 |
4 | 1 2 4 6 9
குறிப்பு: 1 | 2 என்றால் 12 மதிப்பெண்.

சராசரி 30 என்கிறோம். முப்பதுகளில் ஒரு பிள்ளைகூட இல்லை! பாதிப் பேருக்குப் பாடம் எளிது, பாதிப் பேருக்கு எழுத்தே கூடவில்லை. 30 மதிப்பெண் பிள்ளைக்கென்று பாடம் நடத்தினால் அது யாருக்கும் பயன்படாது. முதல் வரிசையில் உள்ள ஐவர்தான் சில வாரங்களில் வகுப்புக்கு வராமல் நின்றுவிடக்கூடியவர்கள். அவர்களைத் தனியே உட்கார வைத்து எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். இலை இல்லாத தண்டுகளையும் கட்டாயம் எழுத வேண்டும் என்பது இதனால்தான். அந்த வெற்றிடமே நமக்குச் செய்தி சொல்கிறது.

ரயில்வேயில் சேர்ந்த புதிதில் இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒரு கேங் மேட். அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1676 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளந்த எண்களையெல்லாம் கூட்டிச் சராசரி சரியாக வருகிறது என்று பெருமையாகக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, வண்டி சராசரி மேலயா ஓடுது? ஒவ்வொரு கட்டை மேலயும்ல ஓடுது" என்றார். ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் குறுகியும் இருந்தால் சராசரி சரியாகவே வரும். ஆபத்தும் அப்படியே இருக்கும்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி. ஜப்பானில் ரயில் நிலைய அட்டவணைகளில் மணி இடப்பக்கத்திலும், வண்டி புறப்படும் நிமிடங்கள் அதற்கு எதிரே வரிசையாகவும் இருக்கும். அதுவும் தண்டும் இலையும்தான். அடுத்த முறை திருப்பதி நிலையத்துக்குப் போகும்போது, பலகையில் உள்ள வண்டிகளின் நேரத்தை இதேபோல் எழுதுங்கள். எந்த மணிக்கு நெரிசல், எந்த மணிக்கு வண்டியே இல்லை என்பது ஒரே பார்வையில் தெரியும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் மதிப்பெண்ணைச் சராசரியோடு மட்டும் ஒப்பிட்டுத் திட்டாதீர்கள். முதலில் தண்டும் இலையும் போட்டுப் பாருங்கள்.